கைவைத்துப் பார்த்த கல்

எங்கள் பக்கத்தில் ஆடு திரட்டுவதற்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்போம். அவருக்கு மலையரசன் என்று பட்டம். கிரீடம் கிடையாது, சம்பளமும் கிடையாது. கோடை முழுக்க மேட்டுவெளியில் மேய்ந்த ஆடுகளைச் செப்டம்பரில் கீழே பட்டிக்குக் கொண்டுவந்து அடைக்கும்வரை அவர் சொல்லை ஊரே கேட்கும், அவ்வளவுதான். என் அண்ணன் சிக்மார் பல வருடங்களாக மலையரசன். வீட்டில் மட்டும் அவன் சொல்லை யாரும் கேட்டதில்லை.

மேலே பாதை என்று ஒன்றும் இல்லை. ஐஸ்லாந்து மூடுபனி இறங்கிவிட்டால், ஏறியிருக்கும் குதிரையின் காதுகூடத் தெரியாது. அதற்காகத்தான் எங்கள் முன்னோர் வழிக்கல் அடுக்கி வைத்தார்கள். நெஞ்சுயரத்துக்குக் கற்குவியல், அதிலிருந்து நேரே நடந்தால் அடுத்தது. குளிர்காலத்தில் சில சரியும். அந்த வழியாகப் போகிறவன் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், ஏன், குடித்திருந்தாலும்கூட, இறங்கி விழுந்த கல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் போவான். கண் தெரியாத பனியில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தடவிப் பார்ப்போம். கல்பாசி படிந்திருந்தால் அது நம்முடையது. அந்தப் பாசி வளர ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

பிறகு எவனோ அண்டங்காக்கைப் பள்ளம் என்கிற ஆழமான மலைப்பிளவில் விழும் அருவியைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டினான். கார்கள் வந்தன, தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து பேருந்துகள் வந்தன. மெத்தை மாதிரி இருந்த பாசித்தரை மிதிபட்டுச் சேறாகி, ஒற்றையடித் தடம் லாரி போகும் அகலத்துக்கு ஆனது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் காகிதக் குப்பை. போதாததற்கு, வந்தவர்கள் எல்லோருக்கும் கல் அடுக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மன அமைதிக்காம். நானும் சாலையோரம் வண்டி போட்டு அவர்களுக்கு ஆட்டுக்கறி சூப் விற்றவள்தான். பெரும்பாலும் நல்ல மனிதர்கள், கிண்ணத்தைக் கழுவிக் கொடுப்பார்கள். அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் அதிகம்.

வசந்தத்தில் நானும் சிக்மாரும் போய் அந்த அடுக்குகளை உதைத்துத் தள்ளுவோம். இந்த வருடம் தள்ளி மாளவில்லை.

"விடு, சோல்ரூன்," என்றான். "எல்லாம் பாசி இல்லாத மொட்டைக் கல்லு. நம்மாளு எவனும் இதப் பாத்து ஏமாற மாட்டான்."

திரட்டின் கடைசி நாள். ஆடுகள் பாதிச் சரிவு இறங்கியிருந்தபோது, பக்கத்துப் பண்ணை கோல்பெய்னின் கறுப்பு ஆடு ஒன்று குட்டிகளோடு காணோம் என்று தெரிந்தது. சிக்மார் குதிரையைத் திருப்பிக்கொண்டு மேலே போனான். அவன் போன சற்று நேரத்தில் பனி இறங்கியது. எங்களிடம் வாக்கி-டாக்கி இருந்தது.

"எங்க இருக்க?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்குள்ள."

"வெளையாடாத. போன்ல மேப் இருக்கில்ல, அதப் பாரு."

"அது சட்டைக்குள்ள செத்துக் கெடக்கு. குளிரு தாங்கல. உன் சூப்ப ஊத்தித்தான் எழுப்பணும்."

கோல்பெய்ன் என் கையிலிருந்து வாங்கிப் பேசினான். "டேய், ஆட்ட விட்டுட்டு வாடா. அது என் ஆடு, எனக்கே வேணாம்."

"மலையரசன் உத்தரவு. கோல்பெய்ன் வாய மூடிட்டு இருக்கணும்."

கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "வழிக்கல்லு ஒண்ணு ஆப்டுருச்சு. பாவம், பாதி சரிஞ்சு நிக்குது. முழங்கால் ஒசரம்தான் இருக்கு."

நான் வாக்கி-டாக்கியைத் திரும்ப வாங்கினேன். "கைய வச்சுப் பாரு. பாசி இருக்கா?"

"இரு, கையுறையக் கழட்டுறேன்." மூச்சு வாங்குவது கேட்டது. "இருக்கு. நல்லா சொரசொரன்னு இருக்கு. தாத்தனுக்குத் தாத்தன் வச்ச கல்லு."

"அப்ப சரி," என்றேன். கோல்பெய்னும் தலையாட்டினான். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"அடுத்ததும் ஆப்டுருச்சு," என்றான் சிக்மார். "இதுவும் சரிஞ்சிருக்கு. போன குளிர்காலம் ஒண்ணையும் விட்டு வைக்கல போல. ஒரு நிமிஷம் இரு, கல்ல எடுத்து வச்சிட்டு வர்றேன்."

கல்லின் மேல் கல் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, பட்டிப் பக்கம் இறங்கும் நம் ஓடையாக இருக்கும், வந்துவிட்டேன் என்றான். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் மீட்புக் குழுவில் இருப்பவர்கள்தான். நானும் கோல்பெய்னும்கூட. வழி தவறிய பயணிகள் எத்தனையோ பேரை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறோம். மதியத்துக்கு மேல் பனி விலகியபோது பள்ளத்தின் விளிம்பில் குதிரை மட்டும் நின்றது, கடிவாளம் தரையில் கிடந்தது. சிக்மார் கீழே, அருவிக்குப் பக்கத்துப் பாறையில் கிடந்தான். நீ இறங்க வேண்டாம் என்றார்கள். இறங்கினேன். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கையுறை ஒன்று இடுப்புக் கச்சையில் செருகியிருந்தது.

அவனை மேலே ஏற்றிய பிறகுதான் பார்த்தோம். விளிம்பை நோக்கி வரிசையாகச் சின்னச் சின்னக் கல்லடுக்குகள். எல்லாவற்றிலும் கல்பாசி. கோல்பெய்ன் ஓடிப்போய்ப் பழைய வழிக்கற்கள் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். வட்டமாக அடித்தடம்தான் மிச்சம். பள்ளத்தோரம் அடுக்கக் கல் தீர்ந்துபோகவும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அங்கிருந்து பிரித்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். அங்கேதான் அருவி அழகாகத் தெரியுமாம். அவர்களில் ஒருவருக்கும் ஆபத்து வரவில்லை. வழிக்குக் கைப்பேசியைப் பார்க்கிறவர்களைக் கல் என்ன செய்யும்? கல்லை நம்பி நடந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். கடைசி அடுக்கின் உச்சியில் ஒரு பெரிய கல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. வேடிக்கைக்கு அடுக்குகிறவனுக்கு அப்படி வைக்க வராது. அது சிக்மார் வைத்தது.

அடக்கம் முடிந்தது. செய்தித்தாளில் வந்தது, பிறகு எங்கெங்கோ வெளிநாடுகளிலும் வந்ததாம். மலையரசன் என்ற பட்டம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. அடுத்த வசந்தத்தில் பனி கரைந்ததும் ஊரே மேலே போய், பாசி படிந்த கற்களையெல்லாம் பொறுக்கி, பழைய இடங்களில் வழிக்கற்களைத் திரும்பக் கட்டினோம். கோல்பெய்ன் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துவிட்டான்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், அண்ணன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தனியாகத்தான் போனேன். விளிம்பில் கால் வைக்க இடமில்லை, அத்தனை கல்லடுக்குகள். நடுவில் ஒரு இளம்பெண் மண்டியிட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்த நாட்டுக்காரியோ, அழுதிருந்தாள்.

"இங்க ஒரு ஆட்டுக்காரர் விழுந்து இறந்துட்டாராம்," என்று அவளாகவே சொன்னாள். "இந்த மலைக்கே ராஜாவாம். அவர் நெனவா ஆளுக்கொரு கல்லு வைக்கிறோம். வர்றவங்க எல்லாரும் வைக்கிறாங்க."

அவளை ஓர் அறை அறைந்திருந்தால்கூட என் மனது ஆறியிருக்கும். அவளோ இரண்டு கையாலும் ஒரு கல்லை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் ஒண்ணு வைங்க."

"இத எங்கேருந்து எடுத்தே?" என்று கேட்டேன்.

அவள் மேட்டைக் காட்டினாள். "அங்க பெரிய பெரிய குவியலா இருக்கு. நெறைய கல்லு."

கல்லை வாங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்தேன். பேருந்து வந்திருக்க வேண்டும். கிழவர்கள், பிள்ளை தூக்கியவர்கள் என்று ஒரு கூட்டம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை, சிலர் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல் இருந்தது.