பாஸ்டர் வீட்டு அம்மாவின் மாத்திரை

பக்கத்து வீட்டுப் புனிதா அக்காவின் பிரஷர் மாத்திரையும் நெஞ்சு மாத்திரையும் ஏழு வருடமாக எங்கள் வீட்டில்தான் இருந்தன. சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால். பாஸ்டர் மனைவிக்கு எங்கள் முருகன் காவலா என்று நான் கிண்டல் செய்தால் அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

தினமும் காலையில் கறிவேப்பிலை பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கள் பின்வாசலுக்கு வருவார். தண்ணீர் வாங்கி இரண்டையும் விழுங்குவார். பேருக்கு ஒரு கொத்து கறிவேப்பிலையோடு திரும்பிப் போவார். மரமே மொட்டையாகிறது என்று என் வீட்டுக்காரர் முனகுவார்.

சொந்த வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. கணவர் பாஸ்டர் ஹேமநாதன் ஜெபம் ஒன்றே மருந்து என்பவர். கெமாஸிலிருந்து பெடாஸ் வரை ரப்பர் தோட்டம் தோட்டமாக மோட்டர் சைக்கிளில் போய் அதைத்தான் பிரசங்கம் செய்தார். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் அக்காவைக் கைகாட்டி, கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்லை என்பார். சபை ஆமென் என்று முழங்கும். அக்கா தலையைக் குனிந்துகொள்வார். அதை அடக்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் எங்கள் பின்வாசல் படியில் அக்கா மயங்கி விழுந்து, நான்தான் வாடகைக் காடி பிடித்துக் கிளினிக்குக் கொண்டுபோனேன். மாத்திரை ஆரம்பித்தது அப்படித்தான். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நெஞ்சு தாங்காது என்று நர்ஸ் மிஸ்ஸி விரலை ஆட்டிச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும், பாஸ்டரிடம் நானே பேசுகிறேன், என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்று கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தன் மகனைப் பற்றிச் சொன்னார்.

அவர்களுக்கு ஒரு பையன் இருந்தானாம். சுவா பக்கத்துத் தோட்டத்தில் ஊழியம் செய்தபோது அவனுக்கு நான்கு வயது. கடுமையான காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஊசியோடு வந்து வாசலில் நின்றார். பாஸ்டர் அவரை உள்ளே விடாமல் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபம் செய்துகொண்டே இருந்தார். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

"நான் மாத்திர போடுறது தெரிஞ்சா, அப்ப பிள்ளைக்கு ஏன் குடுக்கலன்னு அவருக்குத் தோணிரும் தனம். அந்த நெனப்பு வந்துட்டா மனுசன் உயிரோட இருக்க மாட்டாரு."

நான் பாஸ்டரிடம் போகவில்லை. மாத்திரைகளை வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

இந்த வருடம் பாஸ்டர் ஓய்வு பெற்றார். ஊழியத்தில் ஒருநாள்கூட லீவு எடுத்து அறியாத ஜோடி. சபையார் சேர்ந்து இருவரையும் பங்கோர் தீவுக்கு மூன்று நாள் அனுப்பிவைக்க முடிவு செய்தார்கள். கடலைப் பார்த்த ரூம், ஃபெரி டிக்கெட், எல்லாம் அவர்கள் செலவு. ஊரே சந்தோஷப்பட்டது. அக்காவும் நானும்தான் மாத்திரைக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

கிளம்புகிற காலையில் மூன்று நாள் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். அக்கா அதை என் கையிலேயே திருப்பி அழுத்தினார்.

"ஒரே ரூம்லா தனம். ஒரே பேக். அவரு கண்ணு முன்னால எங்க வச்சு முழுங்கறது? மூணு நாள்தானே, கர்த்தர் பாத்துக்குவாரு."

வேன் நகர்ந்தது. நான் அந்தக் காகிதத்தோடு நின்றேன். அதைப் பாஸ்டரின் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தார். போர்ட்டிக்சன் கடற்கரை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்த வயதில்தான் கடலில் கால் நனைத்தாராம். சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டே போனவர், நெஞ்சு மட்டும் காலையிலிருந்து படபடவென்று அடிக்கிறது என்றார். இப்போதே பாஸ்டரிடம் சொல்லுங்கள் என்று நான் கத்தினேன். நாளைக்கு வந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அக்காவின் உடல்தான் வந்தது.

அடக்க ஆராதனை சபைக் கட்டடத்தில் நடந்தது. ஒரு காலத்தில் தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகைக்குச் சாயம் பூசிச் சிலுவை வைத்த இடம். பாஸ்டரை நாலு கேள்வி கேட்காமல் வருவதில்லை என்றுதான் போனேன். ஆனால் அவரே என்னைக் கொட்டகைக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"அவளுக்கு மாத்திர குடுத்து அனுப்பலையாம்மா?" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

ரொம்ப நாளாகத் தெரியும் என்றார். இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டுக்குத் தினமும் எதற்குக் கறிவேப்பிலை என்று யோசித்து, ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தாராம். தீவுக்கும் கொண்டு வந்திருப்பாள் என்று நம்பியிருக்கிறார். அவள் கூச்சமில்லாமல் போட்டுக்கொள்ளட்டும் என்று காலையில் எழுந்ததும் அவளை ரூமில் விட்டுவிட்டுக் கடலோரமாக நடக்கப் போனாராம். கடைசி நாள் சற்று அதிகமாகவே நடந்திருக்கிறார். திரும்பி வந்தபோது அக்கா கட்டிலுக்குக் கீழே கிடந்தார்.

"பேக்க கொட்டித் தேடினேன் தனம். ஒரு மாத்திர கெடச்சா வாயில வச்சிரலாம்னு. ஒண்ணுமே இல்ல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பாஸ்டர்."

"கேட்டா, பிள்ளையப் பத்திப் பேச வேண்டி வரும்மா. அவ தாங்க மாட்டா."

அக்காவும் இதையேதான் சொன்னார் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சபை மூப்பர் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார்.

பாஸ்டர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்தார். வழக்கமான குரலில், "கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி..." என்று ஆரம்பித்தார். எழுந்து வெளியே போக நாற்காலியைத் தள்ளினேன்.

அவர் அதோடு நிறுத்திவிட்டார். பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாத்திர போட்டுக்கிட்டுத்தான் இருந்தா," என்றார். "அதனாலதான் இவ்வளவு நாள் இருந்தா. என் மகனுக்கும் குடுத்திருக்கணும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மூப்பர் அவர் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு பாட்டை ஆரம்பித்தார். சபையார் எல்லாரும் எழுந்து சத்தமாகப் பாடினார்கள். பாஸ்டர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அது யார் காதிலும் விழவில்லை.