ஆரம்பித்த ஆண்டு

மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையின் குருளைச் சாரணர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சுதர்சினி டீச்சருக்கு அந்தச் சனிக்கிழமை காலையிலேயே பொறுமை தீர்ந்துவிட்டது. மாவட்டச் சாரணர் விழாவுக்காகப் பிரிவின் வரலாற்றை எழுதி அன்றைக்கே அனுப்ப வேண்டும். படிவத்தின் முதல் கேள்வியே 'ஆரம்பித்த ஆண்டு'. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பழைய மாணவர் இருவரை வரச் சொல்லியிருந்தாள்.

"எழுவத்தி ஒண்ணு டீச்சர். மொதல்ல உறுதிமொழி எடுத்ததே நான்தான்," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் செபஸ்தியன்.

"எழுவத்தி மூணு," என்றார் புடவைக்கடை ஸெய்னுலாப்தீன். "அந்த வருஷம்தான் யட்டவத்தைக்கு நடந்து போனோம். இவரு பாதி வழியில பஸ்ல ஏறிட்டாரு."

"யாரு ஏறினது? நாலந்தா கேம்ப்ல அழுதது நீங்கதானே!"

வெளியே திடீரென்று கூச்சல். முடிச்சுப் பழகச் சொல்லிக் கயிறு கொடுத்திருந்த பதினெட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து, தங்களில் ஒருவனான பிரியந்தனைப் பலா மரத்தோடு கட்டியிருந்தார்கள். அவனோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவிழ்ப்பதற்குள் அவளுக்கு நகம் ஒன்று உடைந்தது.

திரும்பி வந்தால், கேம்பில் கொடியைப் பிடித்தது யார் என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. அவள் போய் விளையாட்டு அறை அலுமாரியைக் குடைந்தாள். வலைப்பந்துகளுக்கு அடியில், கறையான் அரித்த பதிவுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"நான்கு வருடமாக நின்றுபோயிருந்த நமது பிரிவு இன்று மீண்டும் தொடங்கப்பட்டது. 1968, ஜூன் 8."

இருவரும் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

செபஸ்தியன்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "இது தப்பா எழுதியிருக்காங்க டீச்சர்."

"ஆமாமா," என்றார் ஸெய்னுலாப்தீன், அன்றைக்கு முதன்முறையாக அவரோடு ஒத்துப்போய். "அப்படி இருந்தா எங்களுக்குத் தெரியாமலா போகும்?"

"ரெண்டு பேரும் அப்ப பால்குடிப் புள்ளைங்க!" என்று கத்தினாள் சுதர்சினி. பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப்பார்த்தார்கள். "நீங்க சேர்ந்தப்பதான் பிரிவே பொறந்துச்சா? மூணு மணித்தியாலமா என் உயிர வாங்குறீங்களே!"

படிவத்தில் '1964க்கு முன்' என்று அழுத்தி எழுதிப் படமெடுத்து அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் மாவட்டச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது.

"சரியான வருஷம் வேணும் மிஸ்."

அவள் போனை அணைத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளிடம் போனாள்.