என்ஜினுக்குப் போர்த்திய பூப்போர்வை

கோம்போ ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். "என்ஜின் ஒழுங்கா ஓடிச்சுன்னா பொண்ணு கேக்கப் போவோம். வழியில மக்கர் பண்ணிச்சு, அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

மகன் துல்கா தெற்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். அவன் மனசு வைத்திருந்தது, கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் கார் ஷெட் நடத்தும் சோய்தோக்கின் மகள் ஹுலான் மேல். கோம்போ ஆட்டு வியாபாரி. ஷெட்டுக்காரன் என்றாலே நல்ல போல்ட்டைக் கழற்றிக்கொண்டு துருப்பிடித்ததை மாட்டி அனுப்புகிறவன் என்பது அவருடைய தீர்ப்பு. "அப்ப உங்க காரை அவர்கிட்டயே குடுத்துப் பாருங்கப்பா" என்று மகன் போனில் சொல்ல, அவரும் வீம்புக்குக் கொண்டுபோய் விட்டார். சோய்தோக் என்ஜினை இறக்கி, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, மறுபடி ஏற்றிக் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்கு பானெட்டைத் திறந்து எதையும் நோண்டாதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது வண்டி பூனை மாதிரி வந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாத வருத்தத்தில் கோம்போ அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அவர் மனைவி தோல்கோருக்கோ கால் தரையில் பாவவில்லை. கோடைத் திருவிழாவில் ஹுலானை ஒரு தடவை பார்த்துப் பேசியிருக்கிறாள். தோல்கோர் சொன்ன வேடிக்கைக்கு அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். தோல்கோரின் வீட்டில் அவள் பேச்சுக்குச் சிரிக்க எவன் இருந்தான்? புருஷன் ஆட்டு விலை பேசுவார், மகன் தலையாட்டுவான், அவ்வளவுதான். இந்தப் பெண்தான் மருமகள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வேண்டாத வேலை ஒன்று செய்தாள்.

அந்த மலைப்பக்கத்துக் குளிரில் என்ஜின் உறைந்துவிடாமல் இருக்க, எல்லா வண்டியின் என்ஜினுக்கும் மேலே கம்பளிப் போர்வை உண்டு. பானெட்டுக்கு அடியில் அதைப் போர்த்தாமல் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். கோம்போ வண்டியின் போர்வை எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது. சம்பந்தி ஆகப்போகிறவர் மெக்கானிக் ஆயிற்றே! மனுஷன் வீட்டைப் பார்க்கிறாரோ இல்லையோ, பானெட்டைத் திறந்து பார்ப்பார். அப்போது அந்த அழுக்குத் துணி கண்ணில் பட்டால் மானம் போகாதா? உட்கார்ந்து புதுப் போர்வை தைத்தாள். தடித்த கம்பளி, நடுவிலும் ஓரங்களிலும் சிவப்பு நூலில் பூ, சுற்றிலும் குஞ்சம். பழைய போர்வையின் ஒரு ஓரம் உள்வாங்கி வளைத்து வெட்டியிருந்தது. எலி கடித்த மாதிரி அசிங்கமாக இருக்கிறதே என்று புதிதில் அதை நேராகவே தைத்துவிட்டாள். புறப்படும் அன்று காலை, கோம்போ தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் மாற்றியும் வைத்துவிட்டாள். பிறகு பயணம் நல்லபடியாக அமைய வழக்கம்போல் நாலு சக்கரத்துக்கும் பால் தெளித்துவிட்டு, மடியில் பெண் வீட்டாருக்கு மரியாதையாகக் கொடுக்கிற நீலப் பட்டுத் துணியும் பக்கத்தில் கொழுக்கட்டைப் பானையுமாக ஏறி உட்கார்ந்தாள்.

கணவாய் ஏற்றத்தில் பாதி போயிருப்பார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம். அடுத்து, கம்பளி கருகுகிற வாசனை.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்கன்னா!"

கோம்போ நிறுத்தினார். ஸ்டியரிங்குக்கு முன்னால் சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. பானெட்டைத் தூக்கினால் குபுகுபுவென்று ஆவி. ஆவி அடங்கியதும் தெரிந்தது: என்ஜினைச் சுற்றி ஓடும் பெல்ட்டைக் காணோம், அது ஓடின இடத்தில் பூப்போர்வையின் ஓரம் இழுபட்டுச் சிக்கிக் கிடந்தது.

தோல்கோர் அந்த ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். அந்த வளைவு எதற்கு என்று இப்போது புரிந்தது, பெல்ட்டுக்கு வழிவிடத்தான்!

"பாத்தியா, பாத்தியா!" கோம்போ குதித்தார். "வேலையை அரைகுறையா விட்டுட்டு, மேல பூவைப் போட்டு மூடி அனுப்பியிருக்கான் பாரு, படுபாவி! நோண்டாதீங்கன்னு அவன் சொன்னதே இதுக்குத்தான்!"

"ஏங்க, அது வந்து..."

வந்து என்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். "யோவ் சோய்தோக்! நீ பார்த்த லட்சணத்துக்கு என்ஜின் நடுமலையில செத்துக் கிடக்குய்யா! உன் பொண்ணை நீயே வச்சுக்கோ!"

தோல்கோர் அப்போதே சொல்லியிருக்கலாம். பயம்தான், வேறென்ன? தன் கையாலேயே மகன் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டுவிட்டோமே என்று நினைக்க நினைக்க நாக்கு ஒட்டிக்கொண்டது. அது போதாதென்று, உதவிக்கு நின்ற நிலக்கரி லாரிக்காரனிடமும் கோம்போ முழுக்கதையையும் பாடினார். "சோய்தோக் ஷெட்டுல மட்டும் வண்டியை விட்றாதே தம்பி!" அவன் இரண்டு ஊருக்கும் நடுவே தினமும் போய்வருகிறவன். அவன் காதில் விழுந்தது அந்தச் சாலை முழுக்கத் தெரியும்.

சோய்தோக் தன் பழைய ஜீப்பில் வந்து சேர்ந்தார். விருந்தாளிக்காகப் போட்ட பட்டு அங்கிக்கு மேலேயே எண்ணெய்க் கோட்டை மாட்டியிருந்தார். கூடவே ஹுலானும் இறங்கினாள். அவர் முதலில் மரியாதையாகத் தன் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். கோம்போ இரண்டு கையையும் அங்கியின் நீளக் கைகளுக்குள் விட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார். பொடிக்குப்பியை வாங்க மறுப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். சோய்தோக் குப்பியை மடியில் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார்.

கிழிந்த போர்வையை மெல்ல உருவினார். பூவைப் பார்த்தார், குஞ்சத்தைப் பார்த்தார். அப்படியே கண் தோல்கோரின் அங்கி ஓரத்துக்குப் போனது. அதே சிவப்பு நூல், அதே பூ.

தோல்கோர் சட்டென்று அங்கி ஓரத்தைக் கையால் மறைத்தாள்.

"என் தப்புதான் அண்ணே" என்றார் சோய்தோக். "போர்வையை நான்தான் வச்சேன். அளவு பார்க்காம விட்டுட்டேன்."

அப்பாடா என்று ஒரு நிமிஷம் இருந்தது தோல்கோருக்கு. அந்த ஒரு நிமிஷம்தான்.

"ஒத்துக்கிட்டான் பாரு!" கோம்போ துள்ளினார். "ஒரு துணியைப் போர்த்தத் தெரியலை, இவன் வளர்த்த பொண்ணு எங்க வீட்டுல வந்து..."

ஹுலான் தன் புது பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. திருவிழாவில் அப்படிச் சிரித்த பெண்! தோல்கோரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"வாயை மூடுங்க! அது நான் தச்சது."

கோம்போ அவள் பக்கம் திரும்பினார்.

"நீயா?"

"நானேதான். காலையில நீங்க டீ குடிக்கிறப்ப வச்சேன்."

"எதுக்குடி?"

"சம்பந்தி பானெட்டைத் திறப்பாரே, நம்ம வீட்டுப் பவுசு தெரியட்டுமேன்னு!"

முதலில் ஹுலான்தான் பொத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சோய்தோக்கின் தோள் குலுங்கியது. சொன்ன தோல்கோருக்கே, கண்ணில் நீர் நிற்கும்போதே, சிரிப்பு வந்துவிட்டது. கோம்போ மட்டும் சிரிக்கவில்லை. அந்த நிலக்கரி லாரிக்காரன் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சோய்தோக் கருகிய கம்பளி நூலையெல்லாம் பிடுங்கி எறிந்து, புது பெல்ட் மாட்டி, குறைந்த தண்ணியை ஊற்றினார். "வாசனை வந்ததும் நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தாண்ணே."

"அப்ப என்ஜினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது தங்கச்சி. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா என்னாலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

கோம்போ சாவியைத் திருப்பினார். ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டு, பழையபடி பூனை மாதிரி ஓட ஆரம்பித்தது. தோல்கோர் வயிற்றில் பால் வார்த்தது.

கோம்போ இறங்கி வந்தார். அங்கியின் நெஞ்சு மடிப்புக்குள்ளிருந்து தன் பொடிக்குப்பியை எடுத்து, மூடியைத் தளர்த்தி, வலது கையில் ஏந்தி நீட்டினார். "என்ஜின் ஓடுது. சொன்ன சொல்லு சொல்லுதான். பொண்ணு கேக்கத்தான் வந்துக்கிட்டிருக்கோம்... சம்பந்தி."

சோய்தோக் குப்பியை வாங்கி, நிதானமாக முகர்ந்து, நன்றாகக் காக்க வைத்தார். "தர்றேன். ஆனா தங்கச்சிகிட்ட என் பொண்ணு தையல் மட்டும் கத்துக்கக் கூடாது."

கத்தியை எடுத்து, பெல்ட் ஓடும் பக்கம் போர்வையை வளைத்து வெட்டிப் பழைய இடத்திலேயே போர்த்தினார். வெட்டி விழுந்த துண்டில் ஒரு பூவும் கொஞ்சம் குஞ்சமும் இருந்தன. ஹுலான் அதை எடுத்துப் பனியைத் தட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு, அம்மா" என்றாள்.

தோல்கோர் கொழுக்கட்டைப் பானையைத் திறந்து, அங்கேயே நின்றபடி அவளுக்கு ஒன்றை ஊட்டிவிட்டாள்.

கணவாய் அடிவாரத்துத் தேநீர்க் கடை வாசலில் அந்த நிலக்கரி லாரி நின்றிருந்தது. கோம்போ சடாரென்று பிரேக் போட்டார். கதவைத் திறந்து கடைக்குள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். "தம்பி, நான் சொன்னது தப்பு! சோய்தோக் ஷெட்டுலயே விடு! வேலை அருமையான வேலை! கெடுத்தது எங்க வீட்டம்மா!"

"போதும், ஏறுங்க" என்றாள் தோல்கோர். அவர் கேட்கவில்லை, உள்ளே போய் ஒவ்வொரு மேசையாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.