வில்லங்க வக்கீலின் வீடு

என் கணவருக்கு நீதிமன்றத்தில் 'வில்லங்க வக்கீல்' என்று பெயர். சொத்து வழக்கு என்றால் அவர்தான். எவன் வீடு வாங்கப் போனாலும் பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவான். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். பக்கம் புரளப் புரள வந்தவன் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் காபி கொடுப்பேன்.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்துச் சொன்ன மனுஷர் எனக்கு மட்டும் ஒன்று வாங்கித் தரவில்லை. மனசில்லாமல் இல்லை. நான் காட்டிய வீட்டிலெல்லாம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார். ஒன்றில் பாதைத் தகராறு. இன்னொன்றில் பழைய அடமானம் தீர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. சமையலறை ஜன்னலை ஒட்டி மரம் நின்ற ஒரு வீட்டின்மேல் எனக்கு உயிர். அதை அதன் சொந்தக்காரர் இறந்ததும் அவர் மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருந்தார்கள். "பொண்ணுங்க எங்க?" என்று கேட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்திரத்தில் விடுபட்ட பெண்களுக்காக வாதாடியே பேர் வாங்கியவர். அவரிடம் அது நடக்குமா?

"எல்லாத்துக்கும் நொள்ளை சொன்னா நாம எப்பதான் சொந்த வீடு பாக்கறது?" என்று கத்துவேன்.

"பின்னாடி எவனும் வந்து உன்னை வெளிய போன்னு சொல்லக் கூடாது பாரு," என்பார்.

நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். அவருக்கு அது வசதி. இன்னும் இரண்டு கட்டு படித்து முடிப்பார். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட அடுத்தவரிடம் கேட்டுக்கொண்டே என் காலம் போனது.

போன வருஷம் டாக்டர் மறதி நோய் என்றார். நான் ஏற்கவில்லை. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடாத வக்கீல் உண்டா? கோர்ட்டுக்குப் போவது குறைந்தபோது, களைப்பு என்று கேட்டவர்களிடமெல்லாம் நானே சொன்னேன்.

இந்த மாதம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். தரகர் ஒரு வீடு காட்டினார். இரண்டே அறை, ஆனால் நல்ல வெளிச்சம். உள்ளே கால் வைத்ததுமே இதுதான் என் வீடு என்று தோன்றிவிட்டது. பத்திரக் கட்டை வாங்கி வந்து, அவரிடம் கொடுக்கும் முன் நானே புரட்டினேன். இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா? நடுவில் ஒரு பத்திரத்தில், இறந்தவருக்கு இரண்டு மகன், ஒரு மகள் என்று எழுதியிருந்தது. கீழே மகன்களின் கையெழுத்து மட்டும் இருந்தது. மகளைக் காணோம்.

போச்சு, இதைப் பார்த்ததும் குதிப்பார், இந்த வீடும் கை நழுவிவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வாயைத் திறக்காமல் கட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். இந்த ஒரு தடவை அவர் கண்ணில் படாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நிதானமாகப் படித்தார். அந்தப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. பிறகு கீழே நகர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. கடைசியில் கட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சுத்தமா இருக்கு. வாங்கிடலாம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒரு குறையும் இல்லம்மா."

அந்தப் பக்கத்தையே திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "இதுல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களா, பாருங்க."

"ரெண்டு பேரும் போட்டிருக்காங்களே!"

வாழ்நாளெல்லாம் கேட்க ஆசைப்பட்ட 'வாங்கிடலாம்' என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதை அந்த நிமிஷம்தான் நம்பினேன்.

வாங்கினால் இந்தக் குறை என்றைக்காவது வெளியே வரும். வில்லங்க வக்கீலே கோட்டை விட்டுவிட்டார் என்று கோர்ட்டே சிரிக்கும். அதை என்னால் தாங்க முடியாது. வீடு போனால் போகட்டும். சமையலறைக்குள் போய்த் தரகருக்குப் போன் செய்தேன்.

"அந்த வீடு வேண்டாங்க."

"ஏம்மா, உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துதே!"

"எனக்குப் பிடிச்சு என்ன? பொண்ணு கையெழுத்து இல்லன்னு சார் எடுத்த எடுப்புலயே சொல்லிட்டார்."

தரகர் பெருமூச்சு விட்டார். "சார் தளர்ந்துட்டார், முன்ன மாதிரி இல்லன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. அவர் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?"

"முடியாது," என்றேன். போனை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் சலவைச் சட்டை போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கல்யாணமான புதிதில்கூட அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

"என்ன நிக்கற? கிளம்பு, நம்ம வீட்டைப் பாத்துட்டு வரலாம்."

வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.