ஈரக் காகிதத்தில் ஒரு துளை

மேய்ச்சல் வேலியோரம் மண்டியிட்டு உட்கார்ந்து, வெர்னா செய்தித்தாள் கட்டைத் தாள் தாளாக உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் தண்ணீரில் ஊறிய கட்டு. சற்றுமுன் ஐந்நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அதைச் சுட்டவளும் அவள்தான். மொன்டானாவின் அக்டோபர் காற்றில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. மேல் தாளில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை. பத்தாவது தாளிலும் அதே அளவு, நூறாவதிலும் அதே அளவு. அடியில் வைத்திருந்த இரண்டாவது கட்டையும் பிய்த்த பிறகுதான் குண்டு கையில் கிடைத்தது. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல நீளமாக, கூராக இருந்தது.

போன நவம்பரில் இதே ரகக் குண்டால்தான், ஏறக்குறைய இதே தூரத்தில், அவள் ஒரு கலைமானைச் சுட்டாள். மான் துள்ளியது, மேடேறி மறைந்தது. பனியில் நாலு சொட்டு ரத்தம், அதற்கப்புறம் அதுவும் இல்லை. இரண்டு நாள் தேடினார்கள். பன்னிரண்டு வயதில் முதல் மானை வீழ்த்தியவள், முப்பது வருடம் பள்ளிப் பேருந்தை மலைப்பாதையில் ஓட்டியவள். அவளிடம் கணவன் ஆரின், "கை நடுங்கிடுச்சு வெர்னா, வயசாகுதுல்ல" என்றான். அவளும் நம்பிவிட்டாள். எங்கோ ஒரு பள்ளத்தில் அந்த மான் கிடந்து கிடந்து செத்திருக்கும் என்ற நினைப்பு, ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதுகூட அவள் கைகளைப் பார்க்க வைத்தது. இந்தச் சோதனையிலும் தப்பு தன் கைமேல்தான் என்று தெரிந்தால், ரைஃபிளை அக்கா மகளிடம் கொடுத்துவிட்டு இனி தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

ஆரின் தோட்டாக்களைத் தன் கொட்டகையில் தானே அடைப்பவன். பொற்கொல்லன் குன்றிமணி வைத்து நிறுப்பதுபோல வெடிமருந்தை நிறுப்பான். ஆகஸ்ட் மாதப் போட்டியில் அவன் சுட்டால், ஐந்து துளையையும் ஒரு காசால் மூடிவிடலாம். போட்டியின் இலக்குக் காகிதத்தில் ஜெயித்த குண்டு மானுக்கும் ஆகும் என்று அவளுக்கும் அதையே அடைத்துக் கொடுத்தான். ஆனால் உடம்புக்குள் போன குண்டு விரிய வேண்டும். தூரம் கூடக் கூட வேகம் செத்துவிடும், விறைப்பான குண்டு ஊசிபோல நுழைந்து போய்விடும்.

"கிடைச்சுதா?" என்று கேட்டபடி ஆரின் வண்டியிலிருந்து இறங்கி வந்தான்.

"இந்தா, உன் செல்லத்தப் புடி. திரும்ப அடைச்சு இன்னொரு தடவ சுடலாம், அவ்வளவு புதுசா இருக்கு."

அவன் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

"இது விரியாதுன்னு உனக்குத் தெரியும், இல்ல?"

"அப்பத் தெரியாது, சத்தியமா. ஜனவரியில ஒரு சந்தேகம் வந்துச்சு."

"ஜனவரியா! இது அக்டோபர், ஆரின்."

"சொல்லிரணும்னு வாயெடுப்பேன். நீதான் அந்தப் பேச்சையே விட்டுட்டியேன்னு..."

"நான் விட்டது பேச்ச இல்ல. வேட்டைய."

அவளுக்கு அவனை நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தாள். குளிரில் சிவந்திருந்தது, நடுங்கவில்லை. மானுக்கு நடந்தது நடந்ததுதான், அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது.

ஆரின் எப்போதும் கிண்டலடிக்கும் மலிவுக் குண்டை அன்றைக்கே சோதித்தாள். மூக்கில் பிளாஸ்டிக், உள்ளே மெத்தென்ற ஈயம். ஐந்நூறு கஜத்தில் பாதிதான் விரிந்தது. நானூறில், கட்டுக்குள் முஷ்டி நுழையும் பள்ளத்தைத் தோண்டிவிட்டுக் காளான்போல மலர்ந்து கிடந்தது.

"போட்டிக் காகிதத்துல இதோட அஞ்சு துளையும் தட்டு அகலத்துக்குச் சிதறும்" என்று ஆரின் முனகினான்.

"நான் காகிதத்தத் திங்கப் போறதில்ல. இதான் குண்டு. நானூறுதான் எல்லை. ஒரு கஜம் கூடினாலும் சுட மாட்டேன்."

நவம்பரின் இரண்டாம் சனிக்கிழமை காலை, ஓடைப் பள்ளத்துக்கு அக்கரையில் ஒரு கலைமான் நின்றது. ஆரின் தூரமானியில் பார்த்தான். "ஐநூத்திப் பத்து." தூரமானியை அவளிடம் நீட்டினான்.

"நீ இங்கயே இரு. உன் முட்டி கடகடன்னு ஊரையே எழுப்பும்" என்று கிசுகிசுத்துவிட்டு, வெர்னா வயிற்றால் ஊர்ந்து இறங்கினாள். கள்ளி முட்கள் முழங்கையில் ஏறின. ஒரு முறை மான் தலையைத் தூக்கியது, அவள் பனியில் முகம் புதைத்துக் கிடந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பாறையில் ரைஃபிளைச் சாய்த்துத் தூரம் பார்த்தாள். முந்நூற்று எழுபது. கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

வெடிச் சத்தம் மேட்டில் மோதித் திரும்பி வருவதற்குள், மான் நின்ற இடத்திலேயே மடிந்து புதருக்குள் சாய்ந்தது. வெர்னா எழுந்திருக்கவில்லை. ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த தோட்டாவைத் தயாராக வைத்துக்கொண்டு பார்த்தபடி கிடந்தாள். புதரின் கிளைகள் ஆடின, அவற்றின் மேலிருந்த பனி பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு ஆட்டம் குறைந்தது. கடைசியாக ஒரு சிறு கிளை மட்டும் வெயிலில் அசைந்து, அதுவும் நின்றது.