ஆராயி ஏறிய கூரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு மே மாதம், டெல்லியில் ஒரு கான்கிரீட் கூரையின்மேல் நூற்றுச் சொச்சம் பேர் ஏறி உட்கார்ந்தும் அது மயிரிழைகூடத் தாழவில்லை. ஆராயி ஒருத்தி ஏறியதும் மூன்று அங்குலம் தாழ்ந்தது. அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்தது, தண்ணீர் லாரி இரண்டு நாளாக வரவில்லை.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊர் முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. ஜனக்புரியைத் தாண்டி, கோதுமை வயலை அழித்து ஒரு பயிற்சி அரங்கம் கட்டிக்கொண்டிருந்தார் தேக்சந்த் என்ற காண்டிராக்டர். வேலையாட்கள் பாதிப்பேர், மாசிலாமணி மேஸ்திரி சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ரயிலேற்றிக் கூட்டிவந்தவர்கள். ஆராயியும் அவள் புருஷன் பச்சைமுத்துவும் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள்தான். மேஸ்திரி அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் வேறு. மார்ச் மாதம் அரங்கத்தின் முகப்புக் கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுகுவதற்குள் அடியில் கொடுத்திருந்த முட்டுகளைப் பிடுங்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் தேக்சந்த். ஜல்தி, ஜல்தி என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் கிடையாது. முட்டுகளைப் பிடுங்கப் போன பச்சைமுத்துவின்மேல் கூரையின் ஒரு மூலை விழுந்தது. அவனைத் தார்ப்பாயில் சுற்றி, சிமெண்ட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் போட்டு எங்கேயோ அனுப்பிவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்துப் பூசியும் விட்டார்கள். மனிதன் செத்த இடத்தைக் கரண்டியால் தடவிச் சமப்படுத்த எப்படித்தான் கை வந்ததோ.

மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிய ஆராயியிடம், பச்சைமுத்து ஒரு ராஜஸ்தான்காரியைக் கூட்டிக்கொண்டு ஃபரீதாபாத் பக்கம் ஓடிவிட்டான் என்றார் மேஸ்திரி. கூரையடியில் கிடந்த அவன் செருப்பைக் காட்டி, ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டா ஓடுவான் என்று அவள் கேட்டாள். பார்த்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள், மற்றவர்களுக்கும் அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது, எல்லோரும் மேஸ்திரியை நம்பி வந்தவர்கள், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாலியைக் கழற்றிவிட்டுக் காரியம் செய்ய வேண்டும் என்று அவள் கேட்டபோது, சாவே நடக்காமல் கருமாதி ஏது என்று மேஸ்திரி சிரித்தார். ஆக அவள் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை, புருஷன் ஓடிப்போனவள். குழாயடியில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அவளை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் வாசல் கேட்டருகே உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூரை பாரம் தாங்குமா என்று சோதித்து, தாங்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் சிவஞானம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற உதவி இன்ஜினீயர். நல்லவர், ஆனால் நல்லவராக இருப்பதற்கு மேல் எதுவும் செய்யாதவர். மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு நாள் வைத்திருந்து, கூரை எவ்வளவு தாழ்கிறது என்று அடியில் கடிகாரம் போன்ற ஒரு மானியை வைத்துப் பார்ப்பதுதான் முறை. மணலுக்கு ஏக கிராக்கி, சாக்குகள் வேறு வேலைக்குப் போயிருந்தன, மந்திரி வரும் நாளும் நெருங்கிவிட்டது. மூட்டைக்குப் பதில் ஆட்களை ஏற்று என்றார் தேக்சந்த். ஆள் ஒன்றுக்கு ஒரு மூட்டை, கைக்குழந்தைக்குக் கணக்கில்லை. கூரை விழுந்தால் என்ன ஆகும் என்று சிவஞானம் மெல்ல இழுத்தார். மணலுக்குத்தான் நஷ்டம் இல்லையே என்று பதில் வந்தது. அதைக் கேட்ட பிறகும் அந்த மனிதர் போய் மானியைப் பொருத்தினார்.

சனங்கள் ஏணியில் ஏறி, கொதிக்கிற கான்கிரீட்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். மானியின் முள் அசையவில்லை. சிவஞானம் தட்டிப் பார்த்தார், வேறு மானி வைத்துப் பார்த்தார். சந்தேகம் தீராமல் இரும்புக் கடைத் தராசை வரவழைத்து நாலு பேரை இறக்கி நிறுத்திப் பார்த்தார். தட்டு இறங்கவில்லை. அவர்களுக்கு எடையே இல்லை. இத்தனை நாள் வாயை மூடியிருந்ததில் எல்லாம் கரைந்து போயிருந்தது. தேக்சந்துக்குப் பரம சந்தோஷம். அச்சா, கூரை பாஸ் என்றார். ஆனால் கணக்குக்கு ஒரு மூட்டை குறைந்தது. அதையும் சேர்த்துவிட்டால் பிற்பாடு பேச்சு வராது என்று மேஸ்திரி வாசலுக்குப் போய், ஒரு நாள் கூலி தருவதாக ஆராயியைக் கூட்டிவந்தார்.

அவள் கால் பட்டதும் கூரை முனகியது. முள் கிறுகிறுவென்று சுற்றியது. சிவஞானம் இறங்கச் சொன்னார், இறங்கினாள், கூரை பழைய உயரத்துக்கே ஏறிக்கொண்டது. மறுபடி ஏறச் சொன்னார், மறுபடியும் தாழ்ந்தது. ஆராயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூசி அடைத்த அந்த மூலைக்கு நேராகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எறங்கமாட்டன். அண்ணன் வாயால சொல்லட்டும். எம் புருசன் எங்க செத்தான்?"

மேஸ்திரி கீழே நின்று, தங்கச்சி, பெரிய மனுசங்க முன்னால மானத்தை வாங்காதே என்று கெஞ்சினார். கூரை இன்னும் ஒரு சாண் தாழ்ந்தது. மேலே இருந்தவர்கள் ஏணிக்கு ஓடினார்கள். எல்லோரும் இறங்குங்கள், இது என் வழக்கு என்று ஆராயியே சொன்னாள். அப்போதுதான் ஏணிக்கு ஓடிக்கொண்டிருந்த குஞ்சம்மாள் நின்றாள். பச்சைமுத்துவோடு முட்டுப் பிடுங்கியவன் அவள் மகன். இரண்டு மாதமாக அவள் ஆராயியின் குடிசைப் பக்கமே திரும்பிப் பார்த்ததில்லை.

"நான் பாத்தன்" என்றாள் குஞ்சம்மாள். "இங்கதான் செத்தான். தார்ப்பாய்க்கு ஒரு முனை நானும் புடிச்சன்."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு எடை வந்தது. கூரை இறங்கியது. வாயைத் திறந்தால் கூரையோடு போய்விடுவோம் என்பது அந்த நிமிஷம் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும், கூட வேலைசெய்த ஏகாம்பரம் நானும் பார்த்தேன் என்றான், அவன் பெண்டாட்டி சொன்னாள், ஏணியில் பாதி இறங்கியவர்கள் திரும்பி ஏறிவந்து சொன்னார்கள். சொல்லச் சொல்லப் பாரம் கூடியது. இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் அவரவர் உடம்புக்குத் திரும்பிவந்தது. கூரை உடையவில்லை. தூண்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, ஆட்களோடு மெதுவாகக் கீழே இறங்கியது. அடியிலிருந்த சிவஞானம் மானியைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். கடைசியில், தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது, ஆராயியின் முகமும் மேஸ்திரியின் முகமும் நேருக்கு நேராக வந்தன.

"இங்கதாம்மா செத்தான்" என்றார் மாசிலாமணி. "நாந்தான் லாரியில ஏத்தச் சொன்னன்."

கூரை தரையில் உட்கார்ந்தது. ஆராயி அப்போதுதான் அழுதாள். தாலியைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். குஞ்சம்மாளின் கையை மட்டும் முதலில் அவள் தட்டிவிட்டாள், பிறகு பிடித்துக்கொண்டாள். கருமாதியும் அந்தக் கூரைமேல்தான் நடந்தது. தேக்சந்த் போலீஸைக் கூப்பிட்டார். வந்த ஏட்டு, கூரை, தூண்கள், அழுகிற பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

சிவஞானம் ஆயுசில் முதல் தடவையாக, கூரை தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தூக்க ஜெர்மன் கிரேன் கொண்டுவந்தார்கள், கம்பிதான் அறுந்தது. போட்டி வந்தது, போனது. வீரர்கள் கூரையில்லாத முகப்பில் வெயிலில் இறங்கி உள்ளே போனார்கள், நாலு தூண்கள் சும்மா ஏன் நிற்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி ஊருக்குப் போனார், திரும்பவில்லை. தேக்சந்துக்கு வேறு காண்டிராக்ட் கிடைத்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைக்காமல் போகாது. இப்போது வாசலில் நிற்கும் பிகார்காரக் காவலாளிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, அன்று நடந்ததைப் பார்த்தவனும் இல்லை. ஆனால் தரையில் கிடக்கும் அந்தக் கூரையின் குறுக்கே நடக்க வருகிறவர் அதிகாரியானாலும் மந்திரியானாலும் அவன் கையை நீட்டித் தடுத்து, தன் இந்தியில், அங்கே பச்சைமுத்து செத்துப்போனார், சுற்றிப் போங்கள் என்கிறான். அவர்களும் சுற்றித்தான் போகிறார்கள்.