ஆறிப்போன புண்

நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்வேளூருக்குத் திரும்பிய நாலு மாதக் கர்ப்பிணி அம்சவல்லி, வீட்டுக்குப் போகாமல் நேரே நாற்றங்காலுக்கு வந்தாள். அவள் புருஷன் முருகையன் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தான்.

"என் ரத்தத்துல கிருமி இருக்காம்யா. ரெண்டு புள்ளயும் வயித்துலயே செத்ததுக்கு அதான் காரணமாம். உன்னயும் கூட்டியாரச் சொன்னாங்க டாக்டரம்மா. ரெண்டு பேருக்கும் ஊசி போட்டா இந்தப் புள்ளயாவது தங்குமாம்."

"எனக்கென்ன நோவு? நல்லாத்தானே இருக்கேன்?" என்று சிரித்தான் முருகையன். ஆனால் கை நின்றுபோயிருந்தது.

அவன் கோழை இல்லை. கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் போலீஸ் தடிக்கு முதுகைக் காட்டாதவன். கல்யாணத்துக்கு முன், வாரண்டுக்குத் தலைமறைவாகத் துறைமுகத்துப் பக்கம் திரிந்தபோது ஒருத்தியிடம் போனான். பிறகு மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவே இல்லை. வெயிலில் அலைந்த சூடு என்று நினைத்தான். நம் ஊரில் எது வந்தாலும் சூட்டின் தலையில்தானே போடுகிறோம்! எண்ணெய் தேய்த்துக் குளித்தான், நீராகாரம் குடித்தான். புண் தானாகவே ஆறியது. சூடு தணிந்துவிட்டது என்று நம்பித் தாலியும் கட்டினான்.

அது சூட்டுப்புண் இல்லை என்று இப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் விவசாயக் கூலிகளின் சங்கத்தை நடத்துகிறவனுக்கு அந்த நோயா என்று மிராசுதாரின் ஆட்கள் சிரிப்பார்களே!

"கூலிப் பேச்சுவார்த்தை முடியட்டும் புள்ள, போவலாம். நீ தனியா போவாத, ஊரு தப்பாப் பேசும்."

பேச்சுவார்த்தை முடிந்தது, கூலியும் உயர்ந்தது, அவன் மட்டும் கிளம்பவில்லை. மாமியார் ராமாயி மருமகளை ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றவைத்தாள். "இவ வயித்துலதான் ஏதோ குத்தம்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தான் பாவி. எந்த மிராசுதாரும் அம்சவல்லிக்கு அவ்வளவு பெரிய கொடுமை செய்ததில்லை.

தை அறுவடையின்போது குழந்தை பிறந்தது. அழவில்லை, மூச்சும் இல்லை. வாய்க்கால் கரையில் அவனே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தான்.

"ராசி கெட்டவ" என்று ராமாயி மறுபடி ஆரம்பித்தாள்.

"நிறுத்து ஆத்தா! குத்தம் அவகிட்ட இல்ல, எங்கிட்ட" என்று எல்லாவற்றையும் கொட்டினான் முருகையன்.

அம்சவல்லி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஊருக்கெல்லாம் கூலி கேக்க வாய் இருந்துச்சு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லியா? ஆஸ்பத்திரிக்கு வர வெக்கமா இருந்துச்சு உனக்கு. குழி தோண்ட வெக்கமா இல்லியா?"

அடுத்த வாரம் இருவரும் நாகப்பட்டினத்தில் டாக்டரம்மா நஃபீசாவின் முன்னால் உட்கார்ந்தார்கள். அவன் ரத்தத்திலும் கிருமி இருந்தது.

"இது சிபிலிஸ்ங்கிற மேகநோய். புண்ணு ஆறுனா நோய் போயிடாது, ரத்தத்துல ஒளிஞ்சுக்கும். சோதிச்சாத்தான் தெரியும்" என்ற டாக்டர், இருவருக்கும் பென்சிலின் ஊசி போட்டார். "இதக் குணப்படுத்தலாம். ஆனா போன புள்ளைங்கள என்னால திருப்பித் தர முடியாதுப்பா."

அடுத்த சங்கக் கூட்டத்தில் முருகையன் கூலியைப் பற்றிப் பேசவில்லை. தன் கதையைச் சொன்னான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை.

"சிரிங்கப்பா, பரவாயில்ல. தப்பான எடத்துக்குப் போவாதீங்க. போறவன் நிரோத்து உறை இல்லாமப் போவாத. சந்தேகம்னா புருஷனும் பொண்டாட்டியுமா போய் ரத்தத்தச் சோதிங்க. நான் என் மானத்தக் காப்பாத்திக்கிட்டேன், மூணு புள்ளையப் பறிகுடுத்துட்டேன்."

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவல்லி, அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.